அனுபவசாலிகளை ரோம் ஏன் கடைசி வரிசையில் நிறுத்தியது?

கேள்வி இதுதான்: குடியரசுக் கால ரோமானியப் படையில் திரியாரிகள் என்ற மூத்த வீரர்கள்தான் அதிக அனுபவமுள்ளவர்கள் என்றால், அவர்களை ஏன் மூன்றாவது வரிசையில் கொண்டுபோய் வைத்தார்கள்? பல சண்டைகளில் அவர்கள் ஈட்டியைத் தூக்கக்கூட வேண்டியிருக்கவில்லை என்கிறார்களே, அது ஆள் விரயம் இல்லையா?

விரயம் இல்லை என்பது என் பதில். ஓடாமல், பதறாமல், முறை வரும்வரை காத்து நிற்பதற்காகவே அவர்களை அங்கே வைத்தார்கள். அந்த வேலையை இளைஞர்களிடம் கொடுக்க முடியாது. ஏன் என்று விளக்க, முதலில் படை எப்படி நின்றது என்று சொல்ல வேண்டும்.

நமக்குக் கிடைத்திருக்கும் விவரங்களில் பெரும்பகுதி இரண்டு பேரிடமிருந்து வருகிறது. ஒருவர் பொலிபியஸ். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கர், ரோமானியப் படையைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர், கி.மு. 146இல் ரோமின் பகை நகரமான கார்த்தேஜ் எரிந்தபோது தளபதி ஸ்கிப்பியோ எமிலியானஸின் கூடவே இருந்தார். இன்னொருவர் லிவி. அவர் அகஸ்டஸ் காலத்தில் உட்கார்ந்து, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய போர்களைப் பற்றி எழுதினார். எண்ணிக்கை விஷயத்தில் நான் பொலிபியஸைத்தான் நம்புவேன். ஆனால் திரியாரிகள் களத்தில் எப்படி நின்றார்கள், எப்படி எழுந்தார்கள் என்பதைக் கண்முன் கொண்டுவருபவர் லிவிதான்.

பொலிபியஸ் கணக்குப்படி ஒரு லீஜியனில், அதாவது ரோமானியப் படையின் பெரும்பிரிவில், 4,200 காலாட்படையினர். அதில் 1,200 பேர் வெலிதெஸ். இளையவர்கள், வசதியில் கீழே இருந்தவர்கள். சின்ன எறியீட்டிகளோடு முன்னால் ஓடித் தொந்தரவு கொடுத்துவிட்டுத் திரும்புவது அவர்கள் வேலை. அடுத்து கனமான ஆயுதம் தரித்தவர்களில் இளையவர்களான 1,200 ஹஸ்தாதி, அதற்குப் பின்னால் நல்ல வயதில் இருக்கும் 1,200 பிரின்கிபெஸ், கடைசியாக 600 திரியாரி. கனமான ஆயுதம் தரித்த இந்த மூன்று வரிசைகளும் பத்துப் பத்துச் சிறு அணிகளாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வோர் அணிக்கும் செஞ்சூரியன்கள் என்ற தலைவர்கள் இரண்டு பேர். ஹஸ்தாதி, பிரின்கிபெஸ் அணி என்றால் 120 பேர்; திரியாரி அணி என்றால் 60 பேர்தான். அணிகளுக்கு நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள். முன்வரிசை தளர்ந்தால் அந்த இடைவெளி வழியாகப் பின்வாங்கலாம், பின்வரிசை முன்னேறலாம்.

இதில் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். ஆபத்து அதிகமான ஆண்டுகளில் லீஜியனை 5,000 வரை பெரிதாக்குவார்கள். அப்போது மற்ற மூன்று பிரிவுகளும் பெருகும், திரியாரி மட்டும் அதே 600. அடித்து நொறுக்கும் படையாக அவர்களைக் கருதியிருந்தால் அவர்களைத்தான் முதலில் கூட்டியிருப்பார்கள். படைக்குப் பின்னால் ஒரு வேலி போதும், அதற்கு 600 பேர் போதும் என்ற எண்ணம்தான் இதில் தெரிகிறது.

திரியாரி என்றால் பணக்காரர்கள், அதனால்தான் அவர்களுக்கு நல்ல கவசம் என்று ஒரு கருத்து உண்டு. கணினி விளையாட்டுகள் இதை இன்னும் பரப்பிவிட்டன. பொலிபியஸ் சொல்வது வேறு. வெலிதெஸ் பிரிவில் மட்டும்தான் வறுமை ஓர் அளவுகோல். மற்ற மூன்று பிரிவுகளையும் வயதை வைத்தே பிரித்தார்கள். 10,000 திராக்மாவுக்கு மேல் சொத்து மதிப்பு உள்ளவர்கள் இரும்பு வளையச் சட்டை போட்டுக்கொண்டார்கள். அது ஹஸ்தாதியில் நிற்கும் பணக்கார வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். மற்றவர்கள் நெஞ்சில் ஒரு சாண் அகல வெண்கலத் தகடு ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தகட்டோடு திரியாரியில் நின்ற ஏழை விவசாயிகளும் இருந்திருப்பார்கள்.

பணக்காரர் என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பது ஊகிக்கக்கூடியதுதான். அதற்கும் முந்தைய காலத்தில், அரசர் செர்வியஸ் துல்லியஸ் பெயரில் சொல்லப்படும் ஏற்பாட்டில், சொத்தை வைத்தே ஆயுதம். 1,00,000 ஆஸ் (ரோமானிய நாணயம்) மதிப்புள்ள சொத்து கொண்ட முதல் வகுப்பினர் வெண்கலத் தலைக்கவசம், வட்டக் கேடயம், மார்புக் கவசம், காலுக்குத் தகடு என்று கிரேக்க பாணியில் முழுக்கவசத்தோடு ஈட்டி பிடித்து நெருக்கமாக நின்றார்கள். திரியாரிகளின் நீண்ட ஈட்டி அந்தப் பழைய ஈட்டி வரிசையின் மிச்சம் என்று பல வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் ஆயுதம் தொடர்ந்தது என்பதற்காக, ஆள் எடுக்கும் விதியும் அப்படியே தொடர்ந்தது என்று ஆகாது.

சரி, ஆயுதம். கேடயம் மூன்று வரிசைக்கும் ஒன்றுதான். இரண்டரை அடி அகலம், நான்கடி உயரம். இரண்டு அடுக்குப் பலகையை ஒட்டி, மேலே துணி, அதற்கு மேல் கன்றுத்தோல் போர்த்தி, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இரும்புப் பட்டை, நடுவில் இரும்புக் குமிழ். எகிப்தின் ஃபையூம் பகுதியில் இந்த மாதிரிக் கேடயம் ஒன்று கிடைத்திருக்கிறது, உயரம் 1.28 மீட்டர். இடுப்பில் ஸ்பானிய வகைக் குறுவாள். தலைக்கவசத்தின் மேல் ஒரு முழ உயரத்துக்கு மூன்று இறகுகள், ஊதா அல்லது கறுப்பு நிறத்தில். எதிரிக்கு ஆள் இன்னும் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

வித்தியாசம் வலக்கையில் இருந்தது. ஹஸ்தாதியும் பிரின்கிபெஸும் ஆளுக்கு இரண்டு எறியீட்டி வைத்திருப்பார்கள். வீசிவிட்டு வாளை உருவிக்கொண்டு பாய்வார்கள். அதற்கு இடம் வேண்டும். ரோமானிய வீரன் வாளைச் சுழற்ற ஒவ்வொரு பக்கமும் சுமார் மூன்றடி தேவை என்கிறார் பொலிபியஸ். திரியாரிக்கு எறியீட்டி கிடையாது, நீண்ட குத்தீட்டிதான். தங்கள் ஆட்களே முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து எதை வீசுவது? முன்வரிசை தோற்று ஓடிவரும் நேரத்தில், ஓடிப்போய் எறிவதற்கு இடமும் இருக்காது, அவகாசமும் இருக்காது. நெருங்கி நின்று ஈட்டி முனையை நீட்டினால் போதும், குதிரையோ ஆளோ அதன்மேல் வந்து பாயத் தயங்கும்.

காத்திருக்கும்போது அவர்கள் நிற்பதில்லை. லிவி தெளிவாகச் சொல்கிறார்: கொடிகளுக்குக் கீழே ஒரு காலை மடித்து, இடதுகாலை முன்னே நீட்டி, கேடயத்தைத் தோளில் சாய்த்து, ஈட்டியின் அடியைத் தரையில் ஊன்றி முனையைச் சாய்வாக மேலே நீட்டி வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கூர்க்கழிகள் நட்ட வேலி மாதிரி இருந்ததாம். இப்படி உட்காருவதில் பலன் உண்டு. எதிரி எறிவது தலைக்கு மேலே போய்விடும். கனமான கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டாம். எதிரித் தளபதிக்குக் கடைசி வரிசையில் எத்தனை பேர் என்பதும் சரியாகத் தெரியாது. திரியாரிகள் உட்கார்ந்திருப்பது ரோமானியர்களுக்கு எவ்வளவு பழகிய காட்சி என்றால், நகைச்சுவை நாடகம் எழுதிய பிளாட்டஸ், திரியாரிகள் மாதிரி எல்லாரும் உட்காருங்கள் என்று மேடையிலேயே சொல்ல வைத்தார். கூட்டத்துக்கு உடனே புரிந்திருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பழங்காலப் போர்களில் நேருக்கு நேர் மோதும்போது செத்தவர்களைவிட, வரிசை உடைந்து முதுகு காட்டி ஓடும்போது செத்தவர்கள் அதிகம். அந்த ஓட்டம் பெரும்பாலும் பின்னால்தான் தொடங்கும். முன்னால் நிற்பவனுக்கு எதிரி கண்முன்னே இருக்கிறான், திரும்பினால் குத்து விழும் என்று தெரியும். பின்னால் நிற்பவனுக்கோ சத்தம் கேட்கிறது, புழுதி தெரிகிறது, காயம்பட்டவர்கள் வருவது தெரிகிறது, என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது. கையில் வேலையும் இல்லை, பயத்துக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. அந்த இடத்தில் 18 வயதுப் பையனை உட்கார வைத்தால், அவன் எழுந்து ஓடுவதற்கு ஒரு வதந்தி போதும். பத்துப் படையெடுப்புகளைப் பார்த்தவன் உட்கார்ந்திருப்பான். காயம்பட்டவர்கள் வருவது தோல்வி ஆகாது, சத்தம் கூடுவது பின்வாங்கல் ஆகாது என்று அவனுக்குத் தெரியும்.

முன்னால் நிற்கும் இளைஞனையும் பாருங்கள். எறியீட்டி வீசி, வாளெடுத்துப் பாய்வதற்கு வேகம் வேண்டும், துணிச்சல் வேண்டும், பெயரெடுக்கும் ஆசை வேண்டும். அது இருபது வயதில் நிறையவே இருக்கும். தோற்றால் பின்னால் பிரின்கிபெஸ் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பின்னால் தன் அப்பா வயதில் ஆட்கள் ஈட்டியை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவன் இன்னும் தைரியமாகப் போவான். பின்வாங்கினாலும், ஓடிப்போகாமல், அந்த வேலிக்குப் பின்னால் போய்த் திரும்ப அணி சேருவான். திரியாரிகள் ஒரு ஈட்டியைக்கூடத் தூக்காத நாளிலும் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவர்கள் எழும் கட்டம் எப்படி இருக்கும்? கி.மு. 340இல் வெசுவியஸ் மலைக்குப் பக்கத்தில் லத்தீன் நகரங்களோடு நடந்த போரை லிவி விவரிக்கிறார். அவரது வர்ணனையில் கதை கட்டும் கை தெரியும். ஆனால் வரிசைகள் எப்படி வேலை செய்தன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டு தரப்புக்கும் ஒரே மொழி, ஒரே ஆயுதம், ஒரே அணிவகுப்பு. நேற்றுவரை சேர்ந்து போர் செய்தவர்கள். ரோமின் இடப்பக்கம் தளர்ந்தபோது, அந்த ஆண்டின் இரு கான்சல்களில் (ரோமின் தலைமை ஆட்சியாளர்களில்) ஒருவரான டெசியஸ் மூஸ் தன்னையே பாதாளத் தெய்வங்களுக்குப் பலியாக நேர்ந்துகொண்டு, குதிரையோடு எதிரி நடுவில் பாய்ந்து செத்தார். அந்தக் களேபரம் முழுக்கத் திரியாரிகள் வலது முழங்காலை ஊன்றி, எழச் சொல்லிக் கண்ணசைவு வருமா என்று இன்னொரு கான்சலான மான்லியஸ் டொர்க்வாடஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மான்லியஸ் கண்ணசைக்கவில்லை. லத்தீன்கள் எண்ணிக்கையில் கூடி நெருக்கியபோது, அவர் கடைசியில் இருந்த அக்கென்சி என்ற உதிரிப் படையை முன்னால் அனுப்பினார். அவர்களை ரோமானியத் திரியாரிகள் என்று நினைத்துவிட்ட லத்தீன்கள் தங்கள் திரியாரிகளை எழுப்பிவிட்டார்கள். அவர்கள் கடுமையாகச் சண்டையிட்டார்கள், களைத்தார்கள், ஈட்டிகள் முறிந்தன அல்லது மழுங்கின. ஆனாலும் கடைசி வரிசையை எட்டிவிட்டோம், வெற்றி நமதே என்று நினைத்து முன்னேறினார்கள். அப்போதுதான் மான்லியஸ் சொன்னார்: இப்போது எழுங்கள், களைத்தவர்கள் முன்னே களைக்காதவர்களாக எழுங்கள்.

முழு ஆயுதங்களோடு, ஒரு கீறல்கூடப் படாத வரிசை ஒன்று தரையிலிருந்து எழுந்து நின்றது. முன்வரிசைகளைத் தங்கள் இடைவெளிகளுக்குள் வாங்கிக்கொண்டு, ஈட்டியால் எதிரி முகங்களைக் குத்தியபடி போனார்கள். லத்தீன்களில் நாலில் ஒரு பங்குகூடத் தப்பவில்லை என்கிறார் லிவி. அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மற்றபடி இதில் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அன்றைக்கு ஜெயித்தது கடைசிவரை காத்திருந்தவன். அனுபவம் என்பது அங்கே கை பலத்தைவிடப் பொறுமையில் இருந்தது.

அதே போரைப் பற்றி லிவி இன்னொரு சின்ன சம்பவமும் சொல்கிறார், எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு தரப்புத் திரியாரிகளிலும் முதல் அணியின் தலைமைச் செஞ்சூரியன்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். சமமான பதவியில் பக்கத்துப் பக்கத்தில் பணியாற்றியவர்கள். தாங்கள் இருவரும்தான் மோதப் போகிறோம் என்று இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். ரோமானியர் திறமைசாலி, ஆனால் உடல் வலு போதாது. லத்தீன்காரர் பலசாலி. அதனால் ரோமானியர் ரோமிலேயே கான்சல்களிடம் அனுமதி வாங்கி, தனக்குக் கீழே துணைச் செஞ்சூரியனாக ஒரு வாலிபனைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டார். களத்தில் அந்தத் துணைதான் லத்தீன்காரரை வீழ்த்தினார். மூத்த வீரர் என்றால் தன் உடம்பின் எல்லையைத் தெரிந்து, அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு வருபவர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ரோமானியப் பேச்சு வழக்கிலும் இது நுழைந்துவிட்டது. காரியம் கைமீறும்போது, விஷயம் திரியாரி வரை வந்துவிட்டது என்பார்களாம். அந்தப் பழமொழியைப் படித்துவிட்டு, திரியாரிகள் கடைசி நிமிடத்துக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. தளபதிகள் அவர்களை வேறு பல விதங்களிலும் பயன்படுத்தினார்கள்.

கி.மு. 350இல் கால் (Gaul) என்ற கெல்டிக் இனத்தாரோடு மோதியபோது, திரியாரிகள் முகாமுக்கு அகழி வெட்டி மண்மேடு போட்டுக்கொண்டிருந்தார்கள். முன் இரண்டு வரிசையும் ஆயுதத்தோடு காவல் நின்றது. கால் இனத்தார் பாய்ந்து வந்தபோதும் திரியாரிகள் வேலையை நிறுத்தவில்லை. கி.மு. 223இல் வட இத்தாலியில் கால் இனத்தின் இன்சுப்ரெஸ் கூட்டத்தாரோடு போர் வந்தபோது, ட்ரிப்யூன்கள் என்ற லீஜியன் மேலதிகாரிகள் திரியாரிகளின் ஈட்டிகளை வாங்கி முன்வரிசைக்குக் கொடுத்துவிட்டார்கள். கால் இனத்தாரின் நீள வாள் முதல் வெட்டிலேயே வளைந்துபோகும், அந்த முதல் வெட்டு ஈட்டிமேல் விழட்டும் என்ற யோசனை அது. வளைந்த வாளைக் காலால் மிதித்து நிமிர்த்த நேரம் கொடுக்காமல் குறுவாளோடு உள்ளே புகுந்தார்கள். கடற்படையிலும் அந்தப் பெயர் போயிருக்கிறது: கி.மு. 256இல் எக்னோமஸ் கடற்போரில் கடைசியாக வந்த கப்பல் அணியைத் திரியாரி என்றே கூப்பிட்டார்கள்.

கார்த்தேஜ் தளபதி ஹானிபலோடு நடந்த போரின் கடைசி ஆண்டுகளிலிருந்து இது இன்னும் நெகிழ்வானது. கி.மு. 203இல் ஆப்பிரிக்காவில், ஸ்கிப்பியோ ஆப்பிரிக்கானஸ் ஹஸ்தாதியை எதிரியோடு முட்ட வைத்துவிட்டு, பின் இரண்டு வரிசைகளையும் பக்கவாட்டில் சுற்றிவர அனுப்பினார். மறு ஆண்டு ஜாமாவில் ஹானிபலின் கடைசி வரிசையைச் சந்திக்கும் முன், பிரின்கிபெஸையும் திரியாரிகளையும் இரு ஓரங்களுக்குக் கொண்டுவந்து எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். கி.மு. 197இல் கினோஸ்கெஃபலாயில் பெயர் தெரியாத ஒரு ட்ரிப்யூன், ஜெயித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து சுமார் 20 அணிகளைப் பிரித்துக்கொண்டுபோய் மாசிடோனிய ஈட்டிப் படையின் முதுகில் மோதினார். 20 அணி என்றால் ஒரு லீஜியனின் பின் இரண்டு வரிசைகள் என்று கணக்கு பொருந்துகிறது. சண்டையில் சிக்காமல் கையிருப்பில் இருக்கும் படையைத்தான் இப்படித் திருப்ப முடியும்.

முகாமில் அவர்களுக்குச் சலுகை உண்டா? உண்டு, கொஞ்சம். ட்ரிப்யூன்களுக்குக் கூடாரம் போடுவது, தரையைச் சமன்செய்வது மாதிரி ஏவல் வேலைகள் ஹஸ்தாதி, பிரின்கிபெஸ் தலையில். திரியாரிக்கு அது கிடையாது. அதற்குப் பதில் தங்கள் பின்னால் முகாமிட்டிருக்கும் குதிரைப் படைக்குத் தினமும் காவல் கொடுக்க வேண்டும். குதிரைகள் கட்டுக்கயிற்றில் சிக்கிக் கால் ஒடித்துக்கொள்ளாமல், அவிழ்த்துக்கொண்டு ஓடி முகாமைக் கலக்காமல் இரவும் பார்த்துக்கொள்வது. அனுபவசாலிக்கு ஏற்ற வேலைதான், தூங்கிவிடாத ஆள் வேண்டுமே.

சம்பளம் எல்லாக் காலாட்களுக்கும் ஒன்றுதான், நாளுக்கு இரண்டு ஓபோல் (கிரேக்கச் சிறு நாணயம்). செஞ்சூரியனுக்கு அதைப் போல் இரு மடங்கு. 46 வயதுக்குள் 16 படையெடுப்புகள், நெருக்கடி என்றால் 20. ஒருவன் ஹஸ்தாதியில் தொடங்கித் திரியாரிக்கு வந்துசேரும்போது அவன் வாழ்க்கையின் பெரும்பகுதி வயலைவிட்டு வெளியே கழிந்திருக்கும்.

அப்படி ஒருவரின் வாழ்க்கை நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.மு. 171இல் மாசிடோனியப் போருக்கு ஆள் எடுத்தபோது, முன்பு உயர்பதவியில் இருந்த 23 மூத்த செஞ்சூரியன்கள், பழைய பதவியைவிடக் கீழே தங்களைப் போடக் கூடாது என்று முறையிட்டார்கள். அப்போது ஸ்பூரியஸ் லிகுஸ்டினஸ் எழுந்து பேசினார் என்கிறார் லிவி. சபைன் பகுதி விவசாயி. அப்பா விட்டுப்போனது ஒரு யூகெரும் நிலம், நம் கணக்கில் சுமார் 60 சென்ட். கூடவே ஒரு குடிசை. ஆறு மகன்கள், கல்யாணமான இரண்டு மகள்கள். கி.மு. 200இல் சாதாரண வீரனாகச் சேர்ந்தவர், 22 ஆண்டு சேவை, வயது 50க்கு மேல். சில ஆண்டுகளுக்குள் நான்கு முறை முதல் செஞ்சூரியன், அதாவது திரியாரிகளின் முதல் அணித் தலைவர். வீரத்துக்காக 34 பரிசுகள். சக குடிமகனின் உயிரைக் காத்ததற்காக ஆறு ஓக் இலைக் கிரீடங்கள். தனக்கு எந்தப் பதவி கொடுத்தாலும் சரி என்றார். முதல் லீஜியனில் முதல் செஞ்சூரியன் பதவியையே அவருக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களும் முறையீட்டைக் கைவிட்டார்கள்.

இந்த வரிசை முறை கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மெல்ல மறைந்தது. ஒரே நாளில் தளபதி மாரியஸ் மாற்றினார் என்று பாடப்புத்தகம் சொல்லும். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. சிறு அணிகள் கோஹார்ட் என்ற பெரிய அணிகளாகச் சேர்ந்தன, வயது வித்தியாசம் போனது, குத்தீட்டியும் போனது, எல்லார் கையிலும் எறியீட்டி வந்தது. மூன்றாவது வரிசையைக் கையிருப்பாக வைக்கும் பழக்கம் மட்டும் தொடர்ந்தது. கி.மு. 48இல் ஃபார்சாலஸில், சண்டை பாதியில் இருக்கும்வரை சீசர் தன் மூன்றாவது வரிசையை அசைய விடவில்லை. அது நகர்ந்ததும் எதிர்த்தரப்புத் தளபதி பாம்பேயின் (Pompey) படை உடைந்தது. திரியாரிகளின் முதல் அணித் தலைவருக்கு இருந்த பிரீமஸ் பீலஸ் என்ற பட்டம் பேரரசுக் காலத்திலும் லீஜியனின் தலைமைச் செஞ்சூரியனுக்கே இருந்தது.